கூட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது

மனிதன் பிறக்க இரண்டு பேர் போதும். சங்கம் பிறக்க ஏழு பேர் வேண்டும் என்கிறது சட்டம். ஏழு பேரும் வயது வந்தவர்களாகவும் புத்தி சுவாதீனம் உள்ளவர்களாகவும் இருக்க வேண்டுமாம். புத்தி சுவாதீனம் உள்ள ஏழு பேர் ஒரே அறையில் கூடிவிட்டால் அவர்கள் எதற்காகச் சங்கம் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் சட்டம் வாய் திறப்பதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த ஏழாவது ஆள். வக்கீலுக்குச் செய்த புதுக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனவர். அங்கே மேசையைச் சுற்றி ஆறு பேர், ரயிலைக் கோட்டைவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவதாக வருகிறேன் என்று சொன்ன ஆசாமி கடைசி நிமிடத்தில் கம்பி நீட்டிவிட்டார். வக்கீல் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எதிரே நின்றவர் தெளிவாகத் தெரிந்தார்.

"யோவ், நீ உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"புத்தி சரியா இருக்கா?"

"வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்."

"போதும். இங்க ஒரு கையெழுத்து போடு."

கண்ணாடி கொடுக்கப் போனவர் சங்கத்தின் செயலாளராகத் திரும்பி வந்தார். அவரிடம் இடம் இருந்தது என்பதுதான் உண்மைக் காரணம். தெருவைப் பார்த்த முன்பகுதியில் கடை. பின்னால் ஒரு சின்ன முற்றத்தைத் தாண்டி வீடு. கடைக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒன்றுக்கும் உதவாமல் ஒரு நீளமான கூடம். அந்தக் கூடம் சங்கத்துக்குப் போனது. அன்றிலிருந்து அவர் வீட்டிலிருந்து கடைக்குப் போக வேண்டுமானாலும், கடையிலிருந்து சாப்பிட வர வேண்டுமானாலும், சங்கத்தின் நடுவே நடந்துதான் ஆக வேண்டும்.

சங்கத்தின் நோக்கம் உயர்ந்தது. நடமாட முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, சக்கரம் வைத்த கட்டில், ஊன்றுகோல் முதலியவற்றை இலவசமாக இரவல் கொடுப்பது. ஊரில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். வேலை எப்படி முடியும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் காலையில் யாராவது மகனோ மருமகனோ கண் சிவந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். கண்ணாடிக்காரர் வாங்கி, துடைத்து, கூடத்தில் நிறுத்துவார். அடுத்த வாரம் அது வேறொரு வீட்டுக்குக் கிளம்பும்.

ஏழு பேரையும் சொல்லிவிடுகிறேன். தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சட்டத்துக்கு வக்கீல். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ். ஊரே அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். மருந்துக்கடைக்காரர், எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. டயர் கடை அண்ணன், தம்பி. ஒரே கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு வியாபாரம் செய்தவர்கள், கையெழுத்துப் போட வந்த அன்று தவிர, ஒருவர் வந்தால் மற்றவர் வர மாட்டார். ஏழாவதாக நம்முடைய கண்ணாடிக்காரர்.

விபரீதம் முதல் கூட்டத்திலேயே நடந்துவிட்டது. வக்கீல், சங்கத்தின் பைலாவை வாசித்துக்கொண்டு வந்தார்.

"உறுப்பினர் பதவி கீழ்க்கண்ட காரணங்களால் முடிவுக்கு வரும். ஒன்று, உறுப்பினரின் ராஜினாமாவைப் பொதுக்குழு ஏற்றுக்கொண்டால். இரண்டு, பொதுக்குழு அவரை நீக்கினால். மூன்று, மரணம்."

தலைமையாசிரியர் முகம் சுளித்தார். "ஒரு நல்ல காரியம் ஆரம்பிக்கிற நேரத்துல என்ன வார்த்தை சார் இது?"

"எல்லா பைலாவுலயும் போடறதுதான் சார்."

"எல்லாரும் போடட்டும். நாம போட வேண்டாம். எடுங்க அதை."

"எனக்கும் அதான் படுது," என்றார் மருந்துக்கடைக்காரர். "இப்படி எழுதி வச்சுட்டு நாளைக்கு நான் எந்த முகத்தோட மாத்திரை விக்கிறது?"

சிஸ்டர் ஒருத்திதான் சிரித்தாள். "எடுத்துட்டா வராமப் போயிடுமா சார்?"

"வரட்டும்மா. நாமளா எழுதிக் கூப்பிட வேண்டாம்னு சொல்றேன்."

மரணம் ஏகமனதாக நீக்கப்பட்டது. எல்லோருக்கும் மனது லேசாகிவிட்டது.

தலைமையாசிரியர் நடத்திய கூட்டங்கள் தனி ரகம். உட்காருவதற்கு நாற்காலி வாங்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, ஆரோக்கியமானவர்கள் உட்காருவதற்குச் செலவு செய்வது சங்கத்தின் நோக்கத்திலேயே இல்லை என்று தலைவர் மறுத்துவிட்டார். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் கூடத்தில் இருந்த சக்கர நாற்காலிகளிலேயே உட்கார்ந்தார்கள். செயலாளர், அவரவர் தொழிலையோ பதவியையோ சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி "உள்ளேன் ஐயா" என்று வருகை சொல்ல வேண்டும். தலைவரும் விதிவிலக்கல்ல. தன்னை அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஐயா என்று அழைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே கண்ணாடிக்காரர் பல வருஷம் செயலாளராக இருந்தார் என்று சொல்பவர்களும் உண்டு.

பிறகு தலைவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கை தூக்கி ஓட்டுப் போட முடியவில்லை. ஒருவருக்கு முடியாததை மற்றவர்கள் செய்வது நாகரிகமில்லை என்பதால் ஓட்டுப் போடும் முறையே மாறியது. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் முற்றத்தைப் பார்த்த சன்னல் பக்கமும், எதிர்ப்பவர்கள் கடைக் கதவுப் பக்கமும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய கட்டடம். தரை தெருவை நோக்கிச் சரிந்திருந்தது. ஆதரிப்பது மேட்டில் ஏறுவது, எதிர்ப்பது பள்ளத்தில் இறங்குவது. எத்தனையோ நல்ல தீர்மானங்கள் அந்தச் சங்கத்தில் தோற்றுப்போனதற்குக் கருத்து வேறுபாடு காரணமல்ல, தரைதான் காரணம். தலைவர் மட்டும் நல்ல கையால் ஒற்றைச் சக்கரத்தை உந்தி உந்தி, கோணலாகவாவது சன்னலுக்குப் போய்ச் சேருவார். அவருடைய நாற்காலியின் இடது சக்கரம், பூனைக்குட்டியை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம் போடும். டயர் கடைத் தம்பி எவ்வளவோ எண்ணெய் விட்டுப் பார்த்தார். போகவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த நாற்காலி கூடத்திலேயே நிற்கும். தலைவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் அவருக்குக் கட்டில்தான். கடைசிக் காலத்தில் அவருடைய மருமகள் கண்ணாடிக்காரரிடம் வந்து நின்றாள்.

"ஒரு நாற்காலி குடுங்கண்ணா. சன்னல் ஓரமா உட்கார வச்சா தெருவைப் பார்ப்பார். அதைத் தவிர ஒண்ணும் கேக்கலை அவர்."

கண்ணாடிக்காரர் தானே தள்ளிக்கொண்டு போனார். தலைவர் படுத்தபடியே நாற்காலியைப் பார்த்தார். பாதி வாய்தான் வேலை செய்தது.

"நான் உறுப்பினர். சங்கத்துச் சொத்துல உறுப்பினர் ஆதாயம் அடையக் கூடாது. லாப நோக்கமில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கோம். எடுத்துட்டுப் போ."

"கொஞ்ச நாளைக்குத்தானே சார்..."

"எடுத்துட்டுப் போய்யா!"

எடுத்துக்கொண்டு வந்தார். தலைவர் அந்த வாரமே சுவரைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தார். மருந்துக்கடைக்காரரும் டயர் கடைச் சகோதரர்களும் அவருக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள். சங்கத்தில் மிஞ்சியது மூன்று பேர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் வந்தால்தான் பொதுக்குழு. மரணம்தான் நீக்கப்பட்டுவிட்டதே, ஆகவே போனவர்களும் உறுப்பினர்கள்தான். ஏழில் பாதி மூன்றரை. அரை ஆள் கிடைக்காத காரணத்தால் நான்கு. ஓர் ஆள் குறைந்தது.

பெரும்பாலான சங்கங்களில் இதற்கொரு வழி இருக்கும். ஆள் சேராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைத்து, பிறகு வந்தவர்களை வைத்து நடத்திக்கொள்ளலாம். வக்கீல் அதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. "அப்படி ஒரு விதி இருக்குன்னு தெரிஞ்சா எவனும் முதல் கூட்டத்துக்கு வர மாட்டான்" என்பது அவருடைய தீர்க்கதரிசனம். இப்போது யாரும் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியவில்லை.

இதுவரை சொன்னது சட்டம். இனி நடந்தது வேறு.

தலைவர் போனபின் ஒரு நாள் காலையில் கண்ணாடிக்காரர் கடை திறக்கக் கூடத்துக்குள் நுழைந்தார். சுவரோரமாக நிறுத்தியிருந்த தலைவர் நாற்காலி சன்னலைப் பார்த்து நின்றது. காற்று என்று நினைத்தார். திருப்பி நிறுத்தினார். மறுநாளும் சன்னலில். தரை சரிவு என்று நினைக்கலாம் என்றால், சரிவு எதிர்ப்பக்கம். அவர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தார். அதற்கடுத்த நாள் முட்டுக்கட்டைகள் இரண்டும் ஓரமாக, செருப்பைக் கழற்றி வைத்த மாதிரி ஜோடியாக இருந்தன. நாற்காலி சன்னலில். இருக்கையின் ரெக்ஸினில் ஆள் எழுந்துபோன பள்ளம் மெல்ல உப்பி மேலே வந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் அன்றிலிருந்து கொல்லைச் சந்து வழியாக இறங்கி, கடைக்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ஆனால் சுற்றிப் போக முடியாத ஒன்று இருந்தது. வருஷா வருஷம் பதிவு அலுவலகத்துக்கு உறுப்பினர் விவரம் அனுப்ப வேண்டும். நான்கு பேருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில், 'காலமானார்' என்று எழுதி அனுப்பினார். 'தொழில் என்ற இடத்தில் தொழிலை மட்டுமே குறிப்பிடவும்' என்று திரும்பி வந்தது. பழையபடி தலைமையாசிரியர், மருந்துக்கடை, டயர் கடை, டயர் கடை என்று எழுதினார். ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் அவருடைய கால் கறுத்தது. சர்க்கரை வியாதிக்காரர். கட்டைவிரல் புண் ஆறாமல் மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். இதயமும் பலவீனம், மயக்க மருந்து கொடுத்தால் கண் விழிப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"போறதுன்னா போறேன்டி. அதுக்குப் பயமில்லை."

"பின்னே எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"அந்தப் பட்டியல்ல பேரோட செத்தா வெளிய வர முடியாது. ராஜினாமா பண்ணணும், இல்லை அவங்களா நீக்கணும். செத்துட்டா ரெண்டும் நடக்காது. காலம்பூரா கூட்டத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

"உயிரோட இருக்கிற நான் கூப்பிட்டா எழுந்து வர்றதில்லை. அவங்க கூப்பிட்டா மட்டும் ஓடிடுவீங்களாக்கும்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. முற்றத்துக்கு அப்பால் கூடத்துச் சன்னல் தெரிந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமலே காபியைக் குடித்து முடித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். நொண்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர், இன்னும் மீசை சரியாக முளைக்காதவர், பைலாவைப் புரட்டினார்.

"ராஜினாமாவைப் பொதுக்குழு ஏத்துக்கணும் பெரியவரே."

"பொதுக்குழுவுக்கு ஆள் சேராது தம்பி. நாலு பேர் செத்துட்டாங்க."

"செத்தா உறுப்பினர் பதவி போகும்னு உங்க பைலாவுல இல்லையே."

"இல்லைன்னா சேர்த்துடறோம்."

"பைலாவைத் திருத்தவும் பொதுக்குழு வேணும்."

"சங்கத்தையே கலைச்சுட்டா?"

"தாராளமா. அதே நோக்கம் உள்ள வேற சங்கத்துக்குச் சொத்தை ஒப்படைச்சுடணும், உறுப்பினருங்க பங்கு போட்டுக்கக் கூடாது. அதுக்கும் பொதுக்குழுதான் தீர்மானம் போடணும்." எழுத்தர் நிமிர்ந்தார். "கடைசியா எப்பக் கூட்டம் போட்டீங்க? எல்லா உறுப்பினருக்கும் நோட்டீஸ் கொடுத்தீங்களா?"

"செத்தவங்களுக்கா?"

"ஒருத்தருக்கு விட்டுப்போனாலும் கூட்டம் செல்லாது. கொடுத்துப் பாருங்க. வராம இருக்கிறது அவங்க இஷ்டம், கூப்பிடாம இருக்கிறது உங்க தப்பு."

வேடிக்கையாகச் சொன்னாரா என்று கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்த்தார். அரசாங்க முகம். ஒன்றும் தெரியவில்லை.

சட்டம் சொன்ன அவகாசம் கொடுத்து, நோட்டீசோடு வீடு வீடாகப் போனார். மருந்துக்கடையில் மகன் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டான். டயர் கடையில் அண்ணன் பிள்ளை அண்ணனுடையதை மட்டும் வாங்கிக்கொண்டு, "சித்தப்பாவோடது எங்களுக்குத் தெரியாது" என்று முதுகைத் திருப்பிக்கொண்டான். கடைசியாகத் தலைமையாசிரியர் வீடு. மருமகள் நோட்டீசை நிதானமாகப் படித்தாள்.

"இருங்கண்ணா, மாமாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

உள்ளே போனாள். அந்தக் கடைசிக் கட்டில் இருந்த அறை. பேச்சுக் குரல் கேட்டது, அவள் குரல் மட்டும். நடுநடுவே, எதிராளி பேசி முடிக்கக் காத்திருக்கிற மாதிரி இடைவெளி. அவர் வாசலிலேயே நின்றார். கறுத்த கால் விண்விண்ணென்று குத்தியது. அவள் திரும்பி வந்தாள்.

"வர்றாராம்."

"என்னம்மா சொல்றே?"

"செயலாளர் நேர்ல வந்து கூப்பிட்டா வராம இருப்பேனான்னார். ஆட்டோ வேண்டாமாம். நாற்காலி அங்கேயே இருக்காமே?"

அவள் கண்ணில் கேலி இல்லை, கலக்கம் இல்லை. பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தார். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் ஒரு மத்தியானம். வெளியே வெயில் கொளுத்தியது. கூடத்தில் மட்டும் வெயில் சன்னலோடு நின்றுவிட்டது. வக்கீலும் சிஸ்டரும் ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வக்கீலுக்கு இப்போது காது மந்தம், மூளை மட்டும் பழைய பதம். நடுவில் தலைவர் நாற்காலி. கண்ணாடிக்காரர் தாளைக் கையில் எடுத்தார்.

"வக்கீல்?"

"உள்ளேன் ஐயா."

"சிஸ்டர்?"

"உள்ளேன் ஐயா."

"செயலாளர்?" என்று தன்னையே கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" என்று தானே சொன்னார். "மருந்துக்கடை?" சத்தமில்லை. உயிரோடு இருந்தபோதே நேரத்துக்கு வராதவர். "டயர் கடை அண்ணன்? தம்பி?" தம்பி வந்திருப்பானோ என்று அண்ணனும், அண்ணன் வந்திருப்பானோ என்று தம்பியும் வரவில்லை போலும்.

"தலைவர்?"

பூனைக்குட்டியை யாரோ மிதித்தார்கள்.

இடது சக்கரம் அரைச் சுற்று சுற்றி நின்றது. இருக்கையின் ரெக்ஸின் நிதானமாக அமுங்கியது. சிஸ்டர் எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பார்த்தவள். அவள் கை தன்னிச்சையாக நீண்டு, நாற்காலியின் கைப்பிடி மேல், நாடி பார்க்கிற மாதிரிப் போய் நின்றது. உடனே இழுத்துக்கொண்டாள்.

"குளிருது," என்றாள்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஆஜர்னு போடு."

"சார்..."

"'நேரில் வருகை'ன்னுதான் பைலாவுல இருக்கு. 'உயிரோட'ன்னு நான் எழுதலை. நாலு பேர் ஆச்சு. ஆரம்பிய்யா."

கண்ணாடிக்காரர் தன் ராஜினாமாவைப் படித்தார். செயலாளர் பதவி, உறுப்பினர் பதவி இரண்டிலிருந்தும் விலகுகிறேன், ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். வக்கீலின் காதுக்காக இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. அவருடைய சொந்த விஷயம் என்பதால் அவருக்கு ஓட்டுக் கிடையாது. சிஸ்டர் எழுந்தாள், தன் நாற்காலியைச் சன்னல் பக்கம் தள்ளி மறுபடி உட்கார்ந்தாள். வக்கீல் கால் தூக்கினார். நாற்காலி தானாகவே கடைக் கதவுக்கு இறங்கியது.

"சார்! எதிர்க்கிறீங்களா?"

"பின்னே? நீ போயிட்டா நானும் சிஸ்டரும் மட்டும் இங்க இவங்களோட உட்காரணுமா? எனக்கும் பயம் இருக்கும்ல."

ஒன்றுக்கு ஒன்று. இனி தலைவர் எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. கண்ணாடிக்காரர் அந்த நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை. சும்மா விட்டாலே போதும், தரை அதைக் கதவுக்குக் கொண்டுபோய்விடும். அவர் இந்தக் கூடத்தை விட்டு வெளியேறவே முடியாது. செத்த பிறகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே உள்ளேன் ஐயா சொல்லிக்கொண்டு...

"சார்," என்றார் நாற்காலியிடம். "அன்னிக்கு நீங்க திட்டினதும் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். விட்டுட்டு வந்திருக்கணும். என்னை விட்டுடுங்க சார்."

இடது சக்கரம் மட்டும் நகர்ந்தது. பிறகு ஓய்வு. மறுபடி நகர்ந்தது. நல்ல கையால் உந்துகிற ஆள் எப்படிப் போவாரோ அப்படி, கோணலாக, மூச்சு வாங்கி வாங்கி, கீச்சிட்டுக்கொண்டு, மேட்டில் ஏறியது. சன்னல் சுவரில் முட்டி நின்றது.

சிஸ்டர் தன் நாற்காலியை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள்.

"தீர்மானம் நிறைவேறியது," என்றார் வக்கீல். "சிஸ்டர், இனி நீதான் செயலாளர். சண்டை போடாதே, எதிர்த்து ஓட்டுப் போடவும் ஆளில்லை."

கண்ணாடிக்காரர் ஆபரேஷனுக்குப் போனார். டாக்டருக்கே ஆச்சரியம், கண் விழித்தார். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தார். சுவரைப் பார்த்தபடி. சில நாள் பொறுத்து மனைவி முற்றத்தைத் தாண்டிப் போனாள். சிஸ்டர் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கீச்சு கீச்சென்று சத்தம் வந்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வேற இல்லையா?"

"எல்லாம் வெளிய போயிருக்கு அண்ணா. இது ஒண்ணுதான் இருக்கு." சிஸ்டர் பிரேக்கைப் போட்டாள். "உறுப்பினரா இருந்திருந்தா இதையும் குடுத்திருக்க முடியாது. உங்க நல்ல நேரம், வெளிய வந்துட்டீங்க."

அப்போதுதான் அவருக்கு அந்த மேட்டில் ஏறிய ஓட்டு புரிந்தது. தலைவர் யாரையும் விடுதலை செய்யவில்லை. விதிப்படி ஒரு நோயாளிக்கு நாற்காலி கிடைக்க ஏற்பாடு செய்தார், அவ்வளவுதான். தனக்குக் கிடைக்காதது.

நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும் இடம் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தது. ஆனாலும் சன்னல் ஓரம் போய், வெளியே பார்த்தார். பழகிவிட்டது. சில சாயங்காலங்களில் அவர் உந்தாமலே நாற்காலி சன்னலுக்குப் போய்விடும். ஒருவருக்கு இடம் விட்டு உட்காருகிற மாதிரி அவர் கொஞ்சம் ஒதுங்கி உட்காரவும் கற்றுக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் அவருக்கு மட்டும் காபி கொண்டுவருவதை நிறுத்தி இரண்டு டம்ளராகக் கொண்டுவர ஆரம்பித்தபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு சிஸ்டர் வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அண்ணா, கூட்டம் போடணும். மரணத்தைத் திரும்பச் சேர்க்கிறதைப் பத்தி வக்கீல் சார் பேசணுங்கிறார். இப்ப ஆறு உறுப்பினர், மூணு பேர் இருந்தா போதும். நானும் அவரும் இருக்கோம். ஓர் ஆள் குறையுது."

"அதுக்கு?"

"தலைவர் நாற்காலி இங்கேதானே இருக்கு."

"நான் இறங்க முடியாதும்மா. ஒத்தைக் கால்."

"நீங்க இறங்க வேண்டாம். உறுப்பினர் இல்லாதவங்க பார்வையாளரா உட்காரலாம். பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது, அவ்வளவுதான்."

மறுப்பதற்குள் பிரேக் விடுபட்டது. யார் விட்டார்கள் என்று தெரியவில்லை. நாற்காலி முற்றத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கி, கூடத்துக்குள் போய், நடுவில், பழைய இடத்தில் நின்றது. மனைவி பின்னாலேயே ஓடிவந்து கதவோரம் நின்றுகொண்டாள். வக்கீல் தலையை ஆட்டி வணக்கம் சொன்னார். அவருக்கா, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கா என்று தெரியவில்லை.

சிஸ்டர் கூப்பிட ஆரம்பித்தாள். கூப்பிடுவது பெண் என்றாலும் பதில் ஐயாதான். மாற்றுவதற்குத் தீர்மானம் வேண்டும்.

"வக்கீல்?"

"உள்ளேன் ஐயா."

தன்னையே கூப்பிட்டு, தனக்கும் ஓர் 'உள்ளேன் ஐயா' சொல்லிக்கொண்டாள். மருந்துக்கடை வரவில்லை. அண்ணன் இல்லை. தம்பி இல்லை.

"தலைவர்?"

கண்ணாடிக்காரர் உதட்டை இறுக்கிக்கொண்டார். நான் பார்வையாளன், நான் பேசக் கூடாது. சக்கரம் கீச்சிடும், இப்போது கீச்சிடும் என்று காத்திருந்தார். சக்கரம் கீச்சிடவில்லை. அவருடைய வலது பக்கம் மெல்ல மரத்தது. கன்னம் தொங்கியது. ஒரு பக்க உதடு மட்டும் தானாகப் பிரிந்தது.

"உள்ளேன் ஐயா," என்றார், பாதி வாயால்.

கதவோரம் மனைவி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. நாற்காலி மட்டும் மெல்லத் திரும்பி, சன்னலைப் பார்த்து நின்றது.

வக்கீல் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "ஆள் சரியா இருக்கா?"

சிஸ்டர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு பேர் சார்."

"அப்ப ஆரம்பிக்கலாம்."